ஜின்ஜா சாலையில் வெள்ளை பியூஜோ

அந்த ஆண்டு குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் தலைநகர் கம்பாலாவை ஒட்டிய கிரேக்கா மேட்டிலிருந்த கார்கள் எல்லாமே செத்துப்போயிருந்தன. சொந்தக்காரர்களே கொன்றுவைத்திருந்தார்கள். அமினின் படை மேற்கே தோற்றுத் தோற்றுப் பின்வாங்கி வந்துகொண்டிருந்தது. தோற்ற சிப்பாய் ஊர் போய்ச் சேர வண்டி தேடுவான். அதனால் ஒருவர் சக்கரங்களைக் கழற்றிக் கோழிக்கூட்டில் போட்டார். இன்னொருவர் பேட்டரியைக் கிணற்றுக்குள் இறக்கினார். பெட்ரோல் டாங்கில் ஒரு கை சர்க்கரை போட்டால் போதும் என்று யாரோ யோசனை சொன்னபோது அடுத்த வீட்டு நாலோங்கோ சிரித்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"சர்க்கரையா? சர்க்கரை இருந்தா நாங்க டீயில போட்டுக் குடிச்சிருக்க மாட்டோமா? காருக்குக் கொடுக்கிறாராம் பெரிய மனுஷன்!"

என் கணவர் லுவன்யாகா எங்கள் வெள்ளை பியூஜோவிலிருந்து ரோட்டரை மட்டும் எடுத்தார். கட்டைவிரல் அளவுத் துண்டுதான். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குப் பொறி போகாது. பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். கைக்குட்டையில் அதை முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் மேலே ஏறிவிட்டார்.

மேலே என்றால் கூரைக்கும் பலகைத் தட்டிக்கும் நடுவே இருந்த இடம். ஜனவரியிலிருந்து அவர் வாசம் அங்கேதான். அவருடைய தம்பி போசா பல வருடங்களுக்கு முன் எல்லை தாண்டி தான்சானியா போனவன். அங்கே அகதிகளாக இருந்த எங்கள் ஆட்கள் படை திரட்டியபோது அவனும் சேர்ந்தான். இப்போது தான்சானியப் படையோடு சேர்ந்து அவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லை தாண்டிய வாரமே அமினின் ரகசியப் போலீஸ், கறுப்புக் கண்ணாடிக்காரர்கள், போசாவின் போட்டோவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்றேன். திரும்பி வருவோம் என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் கூட்டிப்போனவர்களைத் தேடி ஜனங்கள் ஜின்ஜா சாலையோரத்து நமன்வே காட்டுக்குப் போவார்கள். சிலருக்கு ஒரு சட்டையாவது கிடைக்கும்.

தம்பி வந்து சேரும்வரை இவர் உயிரோடு இருக்கவேண்டும். அந்த மாதங்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பேச்சு லுகாண்டா. சுவாஹிலி பட்டாளத்தின் பேச்சு. நில், இறங்கு, செருப்பைக் கழற்று, டிக்கியில் ஏறு. எங்களுக்குத் தெரிந்த சுவாஹிலி அவ்வளவுதான். அதற்குச் சொல்லத் தெரிந்த பதிலும் ஒன்றே ஒன்று: "ந்தியோ, அஃபண்டே." ஆமாம் ஐயா. இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவரும் அவரோடு வேலை பார்த்த கசிர்யேவும் முன்னும் பின்னுமாக இரண்டு வண்டிகளில் வந்தார்கள். சாலைத் தடுப்பில் சிப்பாய்கள் நிற்கச் சொல்லி சுவாஹிலியில் சத்தம் போட்டார்கள். முன்னால் போன கசிர்யே மரியாதையாக நிறுத்தினார். பின்னால் வந்த இவர் பயத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை அழுத்தி வந்துவிட்டார். கசிர்யே வரவேயில்லை.

"இனிமே அந்தக் குரல் கேட்டா நான் நிறுத்தமாட்டேன், ஃபெடரேசி," என்றார் அன்று. "நிறுத்தினவன் கதை தெரிஞ்சுபோச்சு. ஓடுறவனுக்காவது பாதி வாய்ப்பு இருக்கு."

புனித வாரத்தில் பீரங்கிச் சத்தம் கிட்டே வந்தது. பாத்திரங்கள் அலமாரியில் தாமாக நகர்ந்தன. நான் கழுவின சட்டியையே மறுபடி கழுவினேன். வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். கீழே ஜின்ஜா சாலையில் கிழக்குப் பார்த்து ஒரே ஓட்டம். லாரியில், சைக்கிளில், திருடிய ஆம்புலன்சில், காலணி இல்லாமல் கால்நடையாக. அமினுக்கு உதவ வந்த லிபியாக்காரர்களும் வழி தெரியாமல் அதில் கலந்து போனார்கள்.

"என்ன தெரியுது?" என்று கூரையிலிருந்து கேட்டார்.

"ஒரு சிப்பாய் ஃப்ரிட்ஜைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போறான்."

"கரண்டே இல்லாத நாட்டுல அவனுக்கு எதுக்கு ஃப்ரிட்ஜ்?"

"நீங்க சிரிக்காதீங்க. கேட்டுடும்."

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பேர் மேட்டில் ஏறி வந்தார்கள். மூத்தவனுக்கு சார்ஜண்ட் பட்டை. ஒருவன் காலில் துணி சுற்றியிருந்தது. மூன்றாமவன் தலையில் இரும்புப் பெட்டி. நான் வாசலில் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன். சார்ஜண்ட் நேரே வாழையிலை மூடிக் கிடந்த காரிடம் போனான்.

"சாவி," என்றான், அரைகுறை லுகாண்டாவில்.

கொடுத்தேன். திருகினான். எஞ்சின் முனகியது, பிடிக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ரோட்டர் எங்க?"

"எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அஃபண்டே."

"இந்த மேட்டுல ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியல. ஆனா எல்லாக் காருக்கும் ஒரே வியாதி." அவன் கோபப்படவில்லை. களைத்திருந்தான். சமையலறைக்குப் போய், சட்டியிலிருந்த மத்தோக்கேயை, வேகவைத்து மசித்த வாழைக்காயை, மூவரும் நின்றபடியே கையால் எடுத்துத் தின்றார்கள். பிறகு பெட்டியைக் காட்டினான். "சரி, கார் இல்ல. நீ தூக்கு. ஜின்ஜா வரைக்கும் எங்ககூட வா."

பெட்டியை என் தலையில் ஏற்றினார்கள். அந்தச் சாலையில் சிப்பாய்களோடு நடந்துபோன பெண்கள் எப்படித் திரும்பினார்கள் என்று நான் பார்த்திருந்தேன். வாசற்படி இறங்கினேன். உள்ளே தட்டிப்பலகை நகரும் சத்தம் கேட்டது.

வேண்டாம் என்று கத்த நினைத்தேன். கத்தினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதற்குள் அவர் தூசும் சிலந்திவலையுமாக நாற்காலி மேல் கால் வைத்து இறங்கிவிட்டார். கையில் கைக்குட்டை.

சார்ஜண்ட் துப்பாக்கியைத் தூக்கி, பிறகு சிரித்துவிட்டான். "பாருடா, கூரையிலிருந்து மெக்கானிக் விழுறான்!"

"அவளை விட்டுடுங்க, அஃபண்டே. ரோட்டர் இதோ இருக்கு."

"ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீயே ஓட்டு. எங்க டிரைவர் மசாக்கா சண்டையிலேயே செத்துட்டான்."

புறப்படுமுன் என் கணவரின் சட்டைகளையும் கால்சட்டைகளையும் கேட்டு வாங்கினார்கள். காருக்குள்ளேயே உடை மாற்றினார்கள். கழற்றிய சீருடைகள் பின் சீட்டில் கிடந்தன. அவர் ரோட்டரைப் பொருத்திச் சாவியைத் திருக, எஞ்சின் உடனே பிடித்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஈஸ்டருக்கு வந்துடுவேன். பெட்ரோல் இருக்கு."

மறுநாள் கம்பாலா விழுந்தது. வானொலியில் குரல் மாறியது. அதற்கு மறுநாள் எங்கள் மேட்டுக்குப் படை வந்தது. சுவாஹிலியில் சத்தம் கேட்டதும் நாலோங்கோ இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாழைத்தோப்புக்குள் பாய்ந்தாள். வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் லுகாண்டாவில் கத்தினான். "அம்மா, நாங்க அவங்க இல்ல! தான்சானியாவிலேருந்து வர்றோம்!" விடுவிக்க வந்தவர்கள் என்று அவர்களுக்கு பகொம்போசி என்று பெயர் வந்தது. ஜனங்கள் கிளைகளை ஒடித்து ஆட்டி ஆடினார்கள்.

நாலோங்கோ முட்டியிலிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள். "பேச்சு அதே பேச்சு. ஆள் வேறன்னு எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டிட்டு வரக்கூடாதா?"

அவர்களோடு போசாவும் வந்தான். தாடி வைத்திருந்தான். நான் மண்டியிட, கையைப் பிடித்துத் தூக்கினான்.

"அண்ணி, அண்ணன் எங்க?"

சொன்னேன். அவன் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டான். பிறகு, "ஜின்ஜா இன்னும் அவங்க கையில இருக்கு," என்றான். "ஆனா டிரைவரை எதுக்குக் கொல்லப்போறாங்க? எல்லை கிட்ட போனதும் விட்டுடுவாங்க. இந்த ரோட்டுலதான் திரும்பி வரணும்."

"வர்றப்ப வழியில யார் நிக்கிறாங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"ரேடியோ கேட்டிருப்பாரு."

"போசா, சுவாஹிலி கேட்டா அவரு நிறுத்தமாட்டாரு. கசிர்யே போனதிலேருந்து அப்படித்தான்."

"நமன்வே ஓரத்துல எங்க தடுப்பு போட்டிருக்கு. நான் அங்கேயே நிக்கிறேன். வெள்ளை பியூஜோ தெரிஞ்சா நானே லுகாண்டால கூப்பிடுறேன். அண்ணனுக்கு என் குரல் மறந்தா போயிருக்கும்?"

சொன்னபடியே நின்றான். பெரிய வெள்ளியன்று போய்ப் பார்த்தேன். அவனைத் தவிர அங்கே எல்லாரும் தான்சானியாக்காரர்கள். பலர் விவசாயிகள், போருக்கென்று வயலிலிருந்து கூட்டி வந்தவர்கள். அதில் மீசை நரைத்த ஒருவர் இருந்தார். பெயர் மகோயே. ஏரிக்குத் தெற்கே பருத்தி போடுகிறவர் என்று போசா சொன்னான். எங்கள் பேச்சு அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். சீருடை சீருடைதானே.

"ஜின்ஜா பக்கமிருந்து கார்ல அவங்க ஆட்கள் வந்து சுட்டுட்டுப் போறாங்க," என்றான் போசா. "நேத்து எங்க ஆள் ஒருத்தன் செத்தான். அதனாலதான் இவங்க விறைப்பா நிக்கிறாங்க. நீங்க வீட்டுக்குப் போங்க, அண்ணி."

நான் வீட்டில் இருப்பேனா? சனிக்கிழமை காலையிலிருந்து மேட்டு விளிம்புக்கும் அடுப்புக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். ஈஸ்டருக்கென்று வேர்க்கடலை இடித்துக் குழம்பு வைத்தேன். மதியம் போசா மேலே வந்தான். கண் சிவந்திருந்தது. அவன் நின்ற இடத்துக்கு வேறு ஆளை விட்டு, கொஞ்ச நேரம் போய்க் கழுவிச் சாப்பிட்டு வா என்று அவன் அதிகாரி அனுப்பியிருந்தார்.

"அங்க லுகாண்டா பேச யாரு இருக்கா?"

"ஒரு வாய் தின்னுட்டு ஓடிடுறேன், அண்ணி. வெள்ளை பியூஜோ வந்தா சுடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன். இலையைப் பிரித்து மத்தோக்கேயை வைத்தேன். அவன் முதல் கவளத்தைக் குழம்பில் தொட்டான். அப்போது கீழே காரின் சத்தம். வேகம் குறைகிற சத்தமில்லை, கூடுகிற சத்தம். பிறகு சுட்டார்கள்.

அவன் கவளம் கையிலிருக்க எழுந்து ஓடினான். நானும் ஓடினேன்.

கார் பள்ளத்தில் இறங்கி நின்றது. வெள்ளையாக இல்லை. மழையில் ஜின்ஜா சாலையின் செம்மண் முழுக்க அப்பி, செங்கல் நிறத்தில் இருந்தது. பின் சீட்டில் அந்த மூன்று சீருடைகள். யாரோ சுவாஹிலியில் போசாவிடம் வேகவேகமாகச் சொன்னார்கள். அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது: நிற்கச் சொன்னோம், இரண்டு முறை சொன்னோம், வேகமெடுத்தான், சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிற சிப்பாய் இவன். போசா கதவைத் திறந்து அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். முன்சீட்டுக்குக் கீழே ஒரு காகிதப்பை கிழிந்து சர்க்கரை கொட்டிக் கிடந்தது. அந்த நாட்களில் எங்கே, எப்படிக் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முன்னோர் கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகச் சாலை இல்லை. உயிர்த்த ஞாயிறன்று வீட்டுக்குப் பின்னே வாழைத்தோப்பிலேயே குழி வெட்டினார்கள். நாலோங்கோ தன் மாமனாருக்கென்று வைத்திருந்த மரவுரியை உடலில் சுற்றக் கொடுத்தாள். பையில் மிஞ்சியிருந்த சர்க்கரையைப் போட்டு, குழி வெட்டினவர்களுக்குத் தேநீர் வைத்தாள். "அவரு கொண்டுவந்தது. வீணாப் போகக்கூடாது," என்றாள்.

வெட்டினவர்களில் மகோயேவும் ஒருவர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தன் மண்வெட்டியோடு வந்து, ஆண்கள் வழிவிட, குழிக்குள் இறங்கினார். மண் வெட்டிப் பழகின கை. ஓரங்கள் நேராக வந்தன. சுட்டது அவர்தான் என்று போசா என்னிடம் காலையிலேயே சொல்லியிருந்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பல வருடங்கள் இருந்தும், என் வீட்டில் அவன் கை நனைக்கவேயில்லை.

எல்லாம் முடிந்தபின் மகோயே கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். தேநீரை அவர் தொட்டிருக்கவில்லை.

"போலே, மாமா," என்றார். "போலே சானா."

போசாவைப் பார்த்தேன். "துக்கம் விசாரிக்கிறாரு, அண்ணி," என்றான். "மாமான்னா அவங்க பேச்சுல அம்மா. வருத்தமா இருக்கும்மா, ரொம்ப வருத்தமா இருக்குன்னு அர்த்தம்."

அந்தப் பேச்சில் அப்படி ஒரு சொல் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் எங்களிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. அவர் போகாமல் நின்றார். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று காத்திருந்தார். அந்தப் பேச்சில் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான் இருந்தது.

"ந்தியோ, அஃபண்டே," என்றேன்.