நாற்பத்தொரு மாடிக்குக் கோடிச் சேலை

கட்டடங்கள் இரண்டும் விழுந்த பன்னிரண்டாம் நாள், பத்தொன்பதாம் மாடியின் நடைவழி கோசலை வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் வந்து நின்றது. கோசலை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடித்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். கொல்லைக் கதவு இருந்த இடத்தில் நீலக் கம்பளம் விரித்த நீளமான வழி. இரண்டு பக்கமும் கதவுகள். சுவரில் தீயணைக்கும் சிவப்பு உருளை. பத்தொன்பதேதான். இருபத்திரண்டு வருடம் அந்த வாசலில் லிப்டை நிறுத்தியவளுக்குத் தெரியாதா?

பக்கத்து வீட்டு கிரிஜா மதில் மேல் தலையை நீட்டினாள்.

"உங்களுக்கு எது வந்துச்சு?"

"பத்தொம்பது."

"கொடுத்து வச்சவங்க. எனக்கு நாப்பதாவது மாடி கேன்டீன். பாத்ரூமுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. குளிக்கப் போனா டோக்கன் கேக்குது."

"என்ன செய்றீங்க?"

"என்ன செய்ய? டோக்கன் எடுத்துட்டுத்தான் குளிக்கிறேன்."

ஊர் முழுக்க இதே கதைதான். பெயிண்ட் கடைக்காரர் ஒருவரின் மாடிப்படி முப்பத்தேழாவது மாடிக்குப் போய் நின்றது. கட்டடங்கள் இன்னும் ஒழுங்காகச் செத்து முடிக்கவில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அப்படிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அவற்றுக்குப் பெரியவ, சின்னவ என்று பெயர். பத்திரத்தில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. முதலில் கட்டியது பெரியவ, இரண்டு வருடம் கழித்துக் கட்டியது சின்னவ. இரண்டும் நாற்பத்தொரு மாடி. கடலுக்குப் போனவர்கள் அந்த இரண்டையும் பார்த்துத்தான் கரை திரும்பினார்கள். இப்போது படகுகள் கண்ட கண்ட தெருக்களில் வந்து நின்றன. காலையில் பால் வாங்கப் போனால் வழியில் வலை காய்ந்தது. சிலர் அந்தக் கட்டடங்களை வெறும் கண்ணாடியும் கல்லும்தானே என்றார்கள். அவர்களிடம் கோசலை பேச்சை நிறுத்திவிட்டாள்.

குண்டு வைத்தவர்களின் பெயர்கள் பேப்பரில் வந்தன. இந்தக் கதையில் வராது. ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அது நடந்தது. உள்ளே இருந்தவர்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் திரும்பவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே லிப்ட். அதை ஓட்டிய கோசலை அந்த நேரத்தில் வெளியே நின்றாள். அதனால் இருக்கிறாள்.

பத்தொன்பதாம் மாடியின் கடைசிக் கதவு டெலிபோன் அறை. பர்வீனின் அறை. பதினெட்டு வருடம் அங்கே உட்கார்ந்து, "வணக்கம், யார் வேணும்?" என்று கேட்டவள். கோசலைக்குச் சிநேகிதி என்று சொல்ல ஒருத்தி உண்டென்றால் அவள்தான். கோசலை அடுப்பை அணைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு நடைவழிக்குள் இறங்கினாள்.

நடைவழி நீண்டது. இருபது கதவு இருக்க வேண்டும். அறுபது தாண்டியும் முடியவில்லை. கால் வலித்தது. "நீ எவ்வளவு வேணா நீளு, நா விடப்போறதில்ல" என்று அதனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். நூற்றிருபதாவது கதவில் நடைவழி களைத்துப்போய் நின்றது.

கதவைத் திறந்தாள். டெலிபோன் அறை இல்லை. வருகைப் பதிவு அலுவலகம் என்று பலகை தொங்கியது. அம்பலவாணன் என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றும் பச்சை மை.

"என்ன விஷயம்?"

"பர்வீனப் பாக்கணும் சார்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "பர்வீன், டெலிபோன் ஆபரேட்டர். வியாழக்கிழமை ஆப்சென்ட்."

"அன்னிக்கு அவ வந்தா சார்."

"எங்க வந்தாங்க?"

"கட்டடத்துக்கு."

"எந்தக் கட்டடம்?"

கோசலை ஜன்னலைக் காட்டினாள். ஜன்னலில் வெறும் வானம் இருந்தது. அம்பலவாணன் அதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"காலி மனை" என்றார். "இன்னும் நாலு நாள்ல பதினாறாம் நாள். அன்னிக்குப் பகல் பன்னெண்டு மணிக்குள்ள உறவுக்காரங்க வந்து முறைப்படி கோடி போட்டா, இங்க கட்டடம் இருந்து செத்துப்போச்சுன்னு எழுதுவேன். யாரும் வரலைன்னா, எப்பவுமே காலி மனைதான்னு எழுதுவேன். காலி மனைக்கு எப்படிம்மா வேலைக்கு வர முடியும்? அதனால முந்நூத்திப் பன்னெண்டு பேரும் ஆப்சென்ட்."

"ஊரே பாத்துச்சு சார்."

"ஊர் உறவில்ல."

"அவங்கவங்க வீட்டுக்காரங்களக் கேளுங்க."

"வீட்ல இருந்து கெளம்பினதத்தான் அவங்க பாத்தாங்க. வந்து சேந்தத யார் பாத்தது?"

"நான் பாத்தேன்."

"நீங்க கட்டடத்துக்கு என்ன உறவு?"

லிப்ட் ஆபரேட்டர் என்றாள். அது உத்தியோகம் என்றார் அவர். ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய மேசை ஓரடி உயர்ந்துகொண்டே போனது. இப்போது அவருடைய மூக்குக் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது.

பதினெட்டு வருடத்தில் பர்வீன் ஒரு நாள் லீவு போட்டதில்லை. காய்ச்சலோடு வந்தவள். தங்கை கல்யாணத்தன்று அரை நாள் வந்தவள். அவள் பெயருக்கு எதிரே ஆப்சென்ட் என்று பச்சை மையில் எழுதுவதா?

"கோடி யார் போடணும் சார்?" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"இதுகூடத் தெரியாதா? பொறந்த வீட்டுக்காரங்க."

கட்டடத்துக்குப் பிறந்த வீடு எது? கோசலை இரண்டு நாள் விசாரித்தாள். சிமென்ட் ஏஜென்டைக் கேட்டாள். நாங்கள் வெறும் சம்பந்தம் பேசியவர்கள் என்றார் அவர். கம்பி கொடுத்தவர்கள் தாங்கள் பங்காளி முறை என்றார்கள். கடைசியில் ஒரு லாரிக்காரர்தான் சொன்னார், கல் எங்கிருந்து வந்ததோ அதுதான் பிறந்த வீடு என்று. ஊருக்குத் தெற்கே கல்குவாரி. பதினைந்தாம் நாள் காலை முதல் பஸ்ஸில் கோசலை ஏறினாள்.

அங்கே மலை இல்லை. மலையை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டு பள்ளங்கள் இருந்தன, அருகருகே, சதுரமாக. பள்ளத்தின் சுவரில் அடுக்கடுக்காக வெட்டிய படிகள். முதல் படியில் கால் வைத்ததும் கோசலையின் வாய் பழக்கத்தில் "ஒண்ணு" என்றது. அடுத்தது இரண்டு. பத்தொன்பது வந்தபோது ஒரு நிமிடம் நின்றாள். பிறகு இறங்கினாள்.

"நாப்பத்தொண்ணு" என்று சொல்லித் தரையில் கால் வைத்தாள்.

"சரியா எண்ணிட்ட" என்றது ஒரு குரல்.

பள்ளத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு பெரியவர். கையெல்லாம் கல்தூசி. கன்னியப்பன் என்று பெயர் சொன்னார். இந்தப் பள்ளத்தில் இருந்துதான் பெரியவளை எடுத்தார்கள், பக்கத்துப் பள்ளத்தில் இருந்து சின்னவளை என்றார். இரண்டும் தன்னுடைய தங்கைகள் என்றார்.

"அவங்க போய்ட்டாங்கய்யா" என்றாள் கோசலை. "பொறந்த வீட்டுக் கோடிக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க வரணும்."

"வரமாட்டேன்."

"ஏங்க?"

"பொண்ணக் கொடுத்து முப்பது வருசம் ஆச்சு. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டாங்களா?"

கோசலை தலை குனிந்தாள். திறப்பு விழாவுக்கு மந்திரியைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். குவாரிக்கு ஒரு பத்திரிகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"பெயிண்ட் அடிச்சப்ப சொன்னாங்களா? இருபத்தஞ்சாவது வருச விழாவுக்கு லைட்டு போட்டாங்களாமே. ரோட்ல போறவனெல்லாம் பாத்தான். கூடப் பொறந்தவன் நா பாக்கல. செத்ததும் சேலைக்கு மட்டும் அண்ணன் வேணும், இல்ல?"

"தப்புத்தாங்க. மன்னிச்சிடுங்க."

"நீ யாரு மன்னிப்புக் கேக்க? அவங்களுக்கு நீ என்ன வேணும்?"

மறுபடியும் அதே கேள்வி. கோசலைக்கு அழுகை வந்துவிட்டது. "நா யாருமில்லைங்க. லிப்ட்ல இருந்தேன். இருபத்திரண்டு வருசம் உள்ளயேதான் இருந்தேன். வெளில என்ன வெயிலு, என்ன மழைன்னுகூட எனக்குத் தெரியாது. உள்ள இருந்தா பயமே இருக்காது. அவ்ளோதான்."

கன்னியப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எங்க இருந்த?"

"உள்ளங்க."

"என் தங்கச்சி வயித்துக்குள்ள இருந்தவள எங்க ஊர்ல பொண்ணுன்னுதான் சொல்லுவாங்க."

கோசலை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்ப மத்தவங்க? முந்நூறு பேருக்கு மேலயாமே?"

"அவங்களும் உள்ளதான் இருந்தாங்க."

"எல்லாம் என் மருமக்கமாருங்க" என்றார் கன்னியப்பன். அவர் முகம் உடைந்தது. "எனக்கு இத்தன புள்ளைங்க இருந்தது யாருமே சொல்லலியே!"

"மாமா" என்றாள் கோசலை. அவளை அறியாமல் வந்துவிட்டது.

"கூப்டுட்ட. இனிமே நா மாட்டேன்னு சொல்ல முடியாது" என்று அவர் எழுந்து வேட்டியில் இருந்த தூசியைத் தட்டினார். தூசி தட்டி முடிக்க மாலையாகிவிட்டது.

ஜவுளிக் கடையில் நாற்பத்தொரு மாடி உயரத்துக்கு இரண்டு கோடிச் சேலை கேட்டார்கள். கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை. பிளவுஸ் துணி சேர்த்தா, சேர்க்காமலா என்று மட்டும் கேட்டார். சேர்த்து என்றார் கன்னியப்பன். தங்கைகளுக்கு அவர் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. நிறத்தைப் பற்றித் தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் சின்ன வாக்குவாதம் வந்தது. கடைசியில் மாம்பழ மஞ்சள் என்று முடிவானது. மடித்து எடுத்து வர ஏழு மாட்டு வண்டி வேண்டியிருந்தது. மாடுகள் வேறு வழி தெரியாமல் கிரிஜாவின் குளியலறைக்குள் புகுந்து, கேன்டீன் வழியாக வெளியே வந்தன. டோக்கன் கேட்ட இடத்தில் பதினைந்து நிமிடம் போய்விட்டது.

பதினாறாம் நாள். பதினொன்றே முக்காலுக்குக் காலி மனைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரே நின்றது. அம்பலவாணன் தன் உயரமான மேசையோடு வந்திருந்தார். பேனாவைத் திறந்து, "காலி" என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தார்.

"நிறுத்துங்க சார்" என்று ஓடினாள் கோசலை. "பொறந்த வீட்ல இருந்து வந்துட்டாங்க."

கன்னியப்பன் மனையின் நடுவில் நின்றார். சேலையை உதறினார். உடம்பின் மேல் போர்த்துவது போலத்தான் போர்த்தினார், ஆனால் அது மேல்நோக்கிப் போனது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறியது. மூலைகளில் மடிந்தது. உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் புடைத்தது. பிறகு சின்னவளுக்குப் போர்த்தினார். இரண்டு பேரும் மஞ்சள் சேலையில் நின்றார்கள். பதினாறு நாளாக அழாமல் இருந்தவர்கள்கூட ஓவென்று அழுதார்கள். கடலில் இருந்த படகுகள் திரும்பின. அதன் பிறகுதான் பன்னிரண்டு மணி அடித்தது.

அம்பலவாணன் "காலி" என்பதை அடித்தார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. "கட்டடம் இருந்தது. இறந்தது" என்று எழுதினார்.

"சாட்சி யாரு?"

"என் மருமக" என்றார் கன்னியப்பன்.

பதிவேடு திறந்தது. "அருளப்பன்" என்று அம்பலவாணன் படித்தார். "வந்தாரா?"

"வந்தாரு. முப்பத்திரண்டாவது மாடி."

"யார் ஏத்திவிட்டது?"

இந்தக் கேள்வி வரும் என்று கோசலைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருப்பாள். "நான்தான் ஏத்திவிட்டேன்" என்றாள்.

வந்தார் என்று பச்சை மையில் எழுதினார். அடுத்து ஆனந்தவல்லி. ஏழாவது மாடி. நான்தான் ஏத்திவிட்டேன். அடுத்து இம்மானுவேல். இருபத்தாறு. நான்தான் ஏத்திவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் யாரோ ஒருவர் விம்மினார். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

நூற்றுப் பதினெட்டாவது பெயர் பர்வீன்.

அந்த வியாழக்கிழமை பர்வீன் லிப்டில் ஏறி இரண்டாவது மாடி தாண்டியதும், சாப்பாட்டு டப்பாவை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன், என்னை இறக்கிவிடு கோசலை என்றாள். லிப்டில் பதினாலு பேர். எல்லாருக்கும் அவசரம். நீ மேலே போ, நான் ஆட்டோவைப் பிடித்து டப்பாவை வாங்கி வைக்கிறேன் என்று இவள்தான் சொன்னாள். பத்தொன்பதில் அவளை விட்டுவிட்டுக் கீழே வந்து, தெருவில் ஓடி, ஆட்டோவைப் பிடித்து, டப்பாவைக் கையில் வாங்கியபோது மணி ஒன்பது நாற்பது.

"வந்தாங்களா, இல்லையா?"

"எறக்கிவிடுன்னு கேட்டா சார்."

"அத எழுத இதுல கட்டம் இல்ல. வந்தாங்களா?"

கன்னியப்பன் அவள் தோளில் கை வைத்தார். கல்லின் கனம் இருந்தது அந்தக் கைக்கு. "அழணும்னா அழு. ஆனா சொல்லிடும்மா. இன்னும் நூத்தித் தொண்ணூத்தி நாலு பேர் நிக்கிறாங்க."

கோசலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மஞ்சள் சேலையில் பத்தொன்பதாம் மாடி எங்கே என்று பார்த்தாள். கண்டுபிடித்தாள்.

"வந்தா. ஒரு நாளும் வராம இருந்ததில்ல. கேட்டப்ப நான் எறக்கிவிடல. நான்தான் ஏத்திவிட்டேன்."

பேனா ஓடியது. வந்தார் என்று எழுதி, அம்பலவாணன் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார்.

"அடுத்த பேரப் படிங்க சார்" என்றாள் கோசலை.