மர மில் ஸ்டாப்

பாலத்தின் நடுவில் நின்றுபோன பதினேழாம் நம்பர் பேருந்துக்கு, நூற்று நான்காம் நாள் காலை பத்தேகால் மணிக்குத் தண்ணீர்த்தொட்டி ஸ்டாப் வந்து சேர்ந்தது. பேருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. டீசல் தீர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஸ்டாப்தான் வந்தது. துருப்பிடித்த கம்பம், பாசி படிந்த தொட்டி, கூடையோடு குந்தியிருக்கும் பழக்காரர் என்று எல்லாமாக வந்து இடதுபக்க ஜன்னல்களை ஒட்டி நின்றது. ஜன்னலோரம் என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த பருத்த மனிதர் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். பழம் நல்ல பழம்தான், கொஞ்சம் காய்வெட்டு.

மேலே அணை உடைந்த அன்று பாலத்தின் இரண்டு முனைகளும் போய்விட்டன. நடுவில் நான்கு தூண்கள் மட்டும் நின்றன. அவற்றின் மேல் பேருந்தும், இருபத்தைந்து பயணிகளும், டிரைவரும், கண்டக்டரும். கரை எந்தப் பக்கம் என்று கேட்டால் இருபத்தேழு பேரும் இருபத்தேழு பக்கம் காட்டுவார்கள், தண்ணீர் அப்படி விரிந்திருந்தது. சுழல் இருந்ததால் படகு நெருங்கவில்லை, காற்று அடித்ததால் ஹெலிகாப்டர் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மேலேயிருந்து மூட்டைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் "ஆவன செய்யப்படும்" என்று எழுதியிருக்கும். ஆகவே வயிற்றுக்குப் பஞ்சமில்லை. பொழுதுதான் போகவில்லை. பார்த்த சினிமாக்களையெல்லாம் கதையாகச் சொல்லித் தீர்த்தார்கள். தீர்ந்தபிறகு பார்க்காததையும் சொன்னார்கள். பாலத்தின் ஆணிகளை எண்ணினார்கள்: நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. தையல்காரர் எல்லோருக்கும் இரண்டு முறை அளவெடுத்தார். நர்ஸ் எல்லோருக்கும் நாடி பிடித்துப் பார்த்தாள்.

நூற்று நான்காம் நாள் காலையில் யாரும் வாயே திறக்கவில்லை. தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்ததைப் பார்த்தும் ஜன்னலோரம் சண்டைக்குப் போகவில்லை.  பதினோரு வருஷம் கூட்டத்தில் நசுங்கி வேலை பார்த்தவள் கண்டக்டர். கூட்டம் கத்தினால் அசர மாட்டாள், கூட்டம் அடங்கிப்போவதைத்தான் அவள் பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் தோளில் மாட்டினாள், விசிலை ஊதினாள். "உள்ள போங்க, உள்ள போங்க! படியில தொங்காதீங்க! அவ்ளோ இடம் இருக்குல்ல!"

பழக்கதோஷம், இருபத்தைந்து பேரும் ஓரடி உள்ளே நகர்ந்தார்கள். "எங்கம்மா போறது, உன் தலைமேலயா?" என்றார் ஜன்னலோரம். யாரோ சிரித்தார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கினார். அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "தண்ணித்தொட்டி, தண்ணித்தொட்டி! எறங்கறவங்க முன்னாடி வாங்க!" அப்போதுதான் அது வந்தது.

அதன்பிறகு பேருந்து நாள் தவறாமல் ஓடியது. ஓடியது என்றுதான் சொல்லவேண்டும். இறங்கிப் பார்த்தவர்களின் காலுக்குப் பாலத்துத் தார்தான் கிடைத்தது; ஜன்னல் வழியாக மட்டும் கை போகும், பழம் போகும், பேச்சு போகும். ஒரு ஸ்டாப் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம்தான் நிற்கும். எல்லோரும் உட்கார்ந்து, சண்டைகள் தீர்ந்து, இரண்டு விசில் விழுந்தால் போய்விடும். அந்தச் சில நிமிடங்களுக்காக விடியும்போதே தலைவாரிக்கொண்டார்கள், சட்டை துவைத்துக்கொண்டார்கள், ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நர்ஸின் மாமியார் வந்து நின்று, துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனவள்தானே நீ என்று கிழிகிழி என்று கிழித்தாள். நர்ஸுக்குச் சந்தோஷத்தில் அழுகை நிற்கவில்லை.

எல்லா ஸ்டாப்பும் அப்படி வரவில்லை. ஆறாவது ஸ்டாப்பான கடைத்தெருவில் தையல்காரரின் வீடு இருந்தது. கூப்பிட்டபோது வந்தது பாதிச் சுவரும், கம்பத்தின் கழுத்துவரை பழுப்புத் தண்ணீரும்தான். ஆள் யாருமில்லை. தையல்காரர் மூன்று நாள் ஜன்னல் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் கண்டக்டரிடம் வந்து, "நாளைக்கும் கூப்பிடும்மா. அந்தச் செவுத்தையாவது பாத்துக்கறேன்" என்றார்.

எட்டாவது ஸ்டாப்புக்குப் பிறகு கண்டக்டர் பத்தாவதைக் கூப்பிட்டாள். ஒன்பதாவது மர மில். அவள் வீடு அதன் பின்புறம். புருஷனுக்கு அந்த மில்லில்தான் வேலை. முன்பெல்லாம் பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் சாப்பாட்டுத் தூக்கோடு, மூன்று வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டாப்பில் நிற்பான். ஒரு நிமிடம் பார்த்துக்கொள்வார்கள். கடைத்தெருவைவிட மர மில் பள்ளம் என்பது அவளுக்குத் தெரியும். கூப்பிடாதவரை குழந்தை உயிரோடு இருந்தாள். அதனால் அவள் கூப்பிடவில்லை. டிரைவரும் ஒன்றும் கேட்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

இப்படி ஒரு வருஷம் ஆனது. ஒருநாள் எட்டாவது ஸ்டாப் போனதும் தையல்காரர் எழுந்து நின்றார்.

"மர மில் ஒரு டிக்கெட்."

"அங்க நிக்காது."

"ஏன் நிக்காது? எல்லா ஸ்டாப்பும் நிக்குதே!"

"எனக்கும் மர மில்தான்" என்று எழுந்தாள் நர்ஸ். "எனக்கும் ஒண்ணு" என்றார், தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி வாழ்க்கையில் காலெடுத்து வைத்திராத ஜன்னலோரம். இருபத்தைந்து பேரும் கை நீட்டினார்கள். கண்டக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி ஓய்ந்து, தையல்காரருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். "வெறும் தண்ணி வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா நான் பக்கத்துல நிக்கறேன். எனக்குத்தான் பழக்கமாச்சே."

அவள் கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை, ஒன்றும் வரவில்லை. "இப்படிக் கூப்பிட்டா எவன் வருவான்? எனக்கே கேக்கல!" என்று கத்தினார் ஜன்னலோரம். பிறகு இருபத்தேழு பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். பாலம் அதிர்ந்தது. முதலில் சேற்று வாடை வந்தது. பிறகு தலை மட்டும் வெளியே தெரியும் கம்பம் வந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா! இன்னிக்காவது நிப்பியா?"

கண்ணைத் திறந்தால் தண்ணீர்மேல் மரம். வெள்ளம் வந்தபோது மில்லிலிருந்த கட்டைகள் அத்தனையும் மிதந்திருக்கின்றன. தெருவே சேர்ந்து அவற்றைப் பிணைத்துக் கட்டி, மேலே குடியேறிவிட்டது. கொடியில் துணி காய்ந்தது, அடுப்பு புகைந்தது. விளிம்பில் புருஷன் தூக்கோடு நின்றான், பக்கத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்த மகள்.

"ஒரு வருஷமா பன்னெண்டு மணிக்கு இங்கதான் நிக்கறோம். கையை ஆட்டறோம், கத்தறோம். நீ பாட்டுக்கு நிறுத்தாம போயிட்டே இருக்க" என்றான் அவன். கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தான்.

அவள் கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி மகளின் தலையைத் தொட்டாள். முடி சிக்கு விழுந்து கிடந்தது. நர்ஸ் சீப்பைக் கொடுத்தாள். சிக்கெடுத்துப் பின்னத் தொடங்கும்போதுதான், ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் ஸ்டாப் போய்விடும் என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. ஜன்னலோரம் ஒரு செருப்பைப் படியில் நழுவவிட்டு, ஆற அமரத் தேடினார். இரண்டு பேர் ஒரே இருக்கைக்கு மல்லுக்கு நின்றார்கள். மூன்றாமவர் தீர்த்துவைக்கப் போய்ச் சண்டையை நான்காக்கினார். தையல்காரர் ஏறினார், ஏதோ மறந்ததுபோல் இறங்கினார், மறுபடி ஏறினார். கியர் சிக்கிக்கொண்டது என்று டிரைவர் சொன்னார். ஒருவர்கூட உட்காரவில்லை. பின்னல் முடிந்தது, மகள் பிடிக்கவில்லை என்றாள், அம்மா அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

"மெதுவா ஏறுங்க, அவசரமே இல்ல" என்றாள் கண்டக்டர், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. அன்று மர மில் சாயங்காலம் வரை நின்றது.

மூன்று வருஷம் கழித்துத் தண்ணீர் வடிந்து, பாலத்தைச் சரிசெய்ய வந்த பொறியாளர்கள் பேருந்தைச் சோதித்தார்கள். நான்கு வருஷம் ஓடிய வண்டிக்கு இந்த அளவு டயர் தேய்மானம் சரிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பதினேழாம் நம்பர் இப்போதும் ஓடுகிறது. அதன் கால அட்டவணையில் மற்ற ஸ்டாப்புகளுக்கு ஒரு நிமிடம், மர மில்லுக்கு மட்டும் "ஆகும்வரை" என்று அச்சாகியிருக்கிறது. இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.