பரமேசியமும் குப்பை லோரியும்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷாமினி வீட்டின் பின்பக்கத்திலிருந்து அலறினாள்.

"அம்மா! என் போத்தல் எங்கமா?"

"கொட்டிட்டேன்லா. டெங்கி ஆபீஸர் வர்ற வாரம். தேங்கின தண்ணிய பாத்தா சும்மா விடுவாங்களா?"

பெருமையாகத்தான் சொன்னேன். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் இரண்டு பேருக்கு டெங்கி வந்ததிலிருந்து பூஜாடித் தட்டைக்கூடக் கவிழ்த்து வைப்பவள் நான். லாலாங் புல் ஊறி நாறும் போத்தலை விட்டுவைப்பேனா?

"அதுல பரமேசியம் வளத்தேன்மா, கண்ணுக்கே தெரியாத குட்டி உயிர். இன்னிக்கு ஸ்கூல்ல ஓப்பன் டே. ரொட்டி?"

"பூஞ்சணம் பிடிச்ச ரொட்டிதானே? அதையும் தூக்கிப் போட்டாச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, பரமேசியம் போன்ற புரோட்டிஸ்டுகளையும் பூஞ்சைகளையும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தானே அறிமுகம் செய்வதாக டீச்சரிடம் கேட்டு வாங்கிய மேசை அது. உயிரோடு காட்ட ஒன்றும் இல்லையென்றால் வேறொருத்திக்குப் போய்விடும்.

"தண்ணிதான் போச்சு. புல்லு ஈரமா குப்பைப் பையில இருக்கு, ரொட்டியும் அதுலதான்" என்றேன்.

"அது போதும்மா! புல்லுலயும் இருக்கும்!"

அந்த நேரம் பார்த்து, வாசலில் வைத்திருந்த பையையும் அள்ளிக்கொண்டு குப்பை லோரி தாண்டிப் போனது.

வீட்டில் போடும் காஃப்தான் அங்கியோடு ஓடினேன். "பாங்! துங்கு! துங்கு!" என்று நிற்கச் சொல்லிக் கத்தினேன். ஒரு செருப்பு சாக்கடையில் போயிற்று. போகட்டும். எங்கள் வரிசையில் குப்பைப் பைக்கு இரட்டை முடிச்சுப் போடுகிறவள் நான் ஒருத்திதான். அத்தனை கறுப்புப் பைகளுக்கு நடுவே என்னுடையதைத் தடவியே எடுத்துவிட்டேன்.

பள்ளியில் ஷாமினி புல்லைப் பிழிந்து ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. கண்ணாடித் தகட்டை மெல்ல நகர்த்தினாள். பிறகு, "இருக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன்பின் அவள் வாய் ஓயவில்லை. ஒரே செல்லுக்குள் ஒரு முழு உயிர், உருவம் செருப்பு மாதிரி என்றாள். காளான் செடியில்லை, அதற்குத் தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கத் தெரியாது என்றாள். கசங்கிய ரொட்டியைத் தூக்கிக் காட்டி, சோயாவைப் புளிக்கவைத்து நாம் சாப்பிடும் தெம்பேயும் பூஞ்சையின் வேலைதான் என்று மலாயில் வெளுத்து வாங்கினாள். பிள்ளைகளின் வரிசை கதவைத் தாண்டி நின்றது. என் பிள்ளையா இது என்று நெஞ்சு விம்மியது.

"அம்மா, நீ வந்து பாரு" என்று வரிசையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

கண்ணை வைத்தேன். வெளிச்சத்துக்குள், உடம்பெல்லாம் மெல்லிய மயிர் துடிக்க, சாக்கடையில் போன என் ஒற்றைச் செருப்பு நீந்திக்கொண்டிருந்தது.