காதறுந்த கிழவிக்காகக் காத்திருந்த வீடு

அப்பாவின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க மகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கட்டிலோரம் கிடந்த அவருடைய கைப்பேசி உறுமியது. மனிதர்கள் கூப்பிட்டால் மணியடிக்கும். பன்றி வந்தால்தான் உறுமும். அப்படி வைத்ததும் அவர்தான். அவர் ரசனை அவ்வளவுதான்.

“அதை அணைச்சுத் தொலைடி,” என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்தபடி. “மனுஷன் போன பிறகும் நிம்மதியா விடுதா பாரு.”

மகள் எடுத்துப் பார்த்தாள். சோளக்காட்டு ஓரத்தில் அப்பா போட்டிருந்த கம்பிப் பட்டி, அங்கே மாட்டிய கேமரா வழியாகத் திரையில் தெரிந்தது. கைப்பேசியில் பொத்தானை அமுக்கினால் விழும் கதவு, தூக்கி வைத்தபடியே நின்றது. உள்ளே, அவர் கொட்டியிருந்த தீனியை ஒரு முழுக் குடும்பம் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தது.

எந்தக் காலத்திலோ யாரோ வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்ட பன்றிகள். விட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், பன்றிகள் பெருகின. அவற்றைப் பிடிப்பதுதான் அப்பாவின் பிழைப்பு. அதில் அவருக்கு ஒரே விதி: கூட்டம் மொத்தமும் உள்ளே வரும்வரை கதவைத் தொடக்கூடாது. ஒன்று வெளியே தங்கினாலும் அது சூதைப் புரிந்துகொள்ளும். பெறப்போகிற குட்டிகளுக்கும் வகுப்பெடுக்கும். போன தடவை சித்தப்பா அவசரப்பட்டுக் கதவை இறக்கி, இரண்டே இரண்டு குட்டிகளைப் பிடித்தார். மிச்சக் கூட்டம் சோளக்காட்டை உழுதுவிட்டுப் போனது. அன்றிலிருந்து சோளக்காட்டுக்காரருக்குத் தூக்கம் வயலில்தான். அதாவது, தூக்கமே இல்லை. இந்த விளைச்சலும் போனால் நிலத்தை விற்றுவிடப்போவதாகச் சொல்லியிருந்தார்.

துக்கத்துக்கு வந்திருந்த சோளக்காட்டுக்காரர் வாசலோர நாற்காலியிலிருந்து எழுந்தார். கண் சிவந்திருந்தது, அழுதா விழித்தா என்று சொல்ல முடியாதபடி.

“எல்லாம் வந்திருக்காம்மா?”

“காதறுந்த கிழவி மட்டும் வெளியே நிக்கிறா.” கூட்டத்தின் மூத்த பெண்பன்றிக்கு அப்பா வைத்த பெயர் அது.

துக்கத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் கைப்பேசியைச் சூழ்ந்துகொண்டது.

“அமுக்கும்மா! கிழவி ஒருத்திதானே!” என்றார் சித்தப்பா.

“நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க தம்பி,” என்றாள் அம்மா. “போன தடவை அமுக்கின லட்சணம் போதும்.”

வாசலில் சவவண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். “எடுத்துரலாமாங்க?”

“கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஒருத்தி வரணும்,” என்றாள் அம்மா.

“ரொம்ப நெருங்கின சொந்தமா?”

“அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவ,” என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

கிழவி ஒரு கால் வைத்தாள். மோந்தாள். பின்வாங்கினாள். யாரோ “ஐயோ” என்றார்கள். காலையிலிருந்து அந்த வீட்டில் அவ்வளவு மனதார ஒரு ஐயோ விழவில்லை. மகள் கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். தான் அவசரப்பட்டால் அப்பாவின் கடைசி வேலை கெட்டதுதான். திரும்பி அவரைப் பார்த்தாள். அவருக்கு அவசரமே இல்லை.

கிழவி தலையை நீட்டினாள். பிறகு, போனால் போகிறது என்பதுபோல், வாலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மகள் அமுக்கினாள்.

கதவு விழுந்தது. வீடே கத்தியது. சித்தப்பா விசிலடித்தார். ஒன்றும் புரியாத வண்டிக்காரரும் கைதட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது என்று யாரும் கூர்ந்து பார்க்கவில்லை.

சத்தம் அடங்கியபோது இன்னொரு சத்தம் கேட்டது. சோளக்காட்டுக்காரர் நாற்காலியில் சரிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அவர் தோளைத் தட்டப்போனார். அம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். உள்ளே போய், அப்பாவின் தலையணையைத் தட்டிக் கொண்டுவந்து, தூங்குகிறவர் கழுத்துக்கு அண்டக்கொடுத்தாள்.