காகம் தொடாத பக்கோடா

படையல் இலையருகே வந்துவிட்ட காகத்தை விரட்டியது வேதகிரியேதான். வேண்டுமென்று செய்யவில்லை. கழுத்து சாம்பல் நிறமா, முழுக்கக் கறுப்பா என்று பார்த்துவிடலாமே என்று, ஈர வேட்டியோடு குந்தியிருந்தவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான். இலையோரத்தில் இறங்கி மூக்கைத் தாழ்த்தியிருந்த காகம், அவரை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, பனைமரத்துக்குப் பறந்துபோனது.

சாம்பல் கழுத்துதான். அது தெரிந்துவிட்டது.

"யோவ் மாமா!" என்று கத்தினான் முத்துவேல். வேதகிரியின் செத்துப்போன மனைவி செங்கேணியின் தம்பி. சாவுக்கு மறுநாள் பால் தெளிப்புக்கு இருக்க வேண்டும் என்று மாகறலுக்குத் திரும்பாமல் தங்கியவன். "சுடுகாட்லயுமா உன் குருவி ஆராய்ச்சி? எங்க அக்கா வந்து குந்திச்சிய்யா. தொரத்தி வுட்டுட்டியே!"

"தொரத்தலடா. கழுத்த பாத்தேன்."

"இன்னா கழுத்து?"

"காக்காயில ரெண்டு ஜாதி கீது முத்துவேலு. ஒண்ணு வந்து..."

"வாய மூடு மாமா. இன்னிக்கி எதுனா சொல்லிடப் போறேன்."

பங்காளிகள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் துண்டால் வாயைப் பொத்தினார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து "கா... கா..." என்று கூப்பிட்டார்கள். உத்திரமேரூர் ஏரிக்கரையில் அன்று காகத்துக்குப் பஞ்சமில்லை. பனைமரத்தில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

இலையில் சோறும் வடையும் ஒரு பொட்டலம் பக்கோடாவும் இருந்தன. செத்தவர்களுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். விடிந்ததும் வேதகிரியின் அக்கா ஜெயம்மாள் கேட்டாள்: "செங்கேணிக்கு இன்னாடா இஷ்டம்?" வேதகிரி யோசிக்காமல் பக்கோடா என்றார். கடைத்தெருவிலிருந்து சூடாக வாங்கி வந்தாயிற்று. இப்போது ஆறிப்போய்க் கிடக்கும் பொட்டலத்தைப் பார்த்தபோதுதான், பக்கோடா தனக்கல்லவா பிடிக்கும் என்று உறைத்தது. அவள் சுட்டுக் கொண்டுவந்து தோட்டத்தில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவள் தின்று அவர் பார்த்ததில்லை. தவிட்டுக்குருவி எந்தப் புழுவை முதலில் எடுக்கும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"ஏங்கிப் போன உசுருன்னாத்தான் காக்கா தொடாது," என்றான் முத்துவேல், யாரையும் பார்க்காமல். "எங்க அக்காளுக்கு இன்னா ஏக்கம்? கட்னவன் நீ சொல்லு மாமா."

காகத்தை விரட்டியவரே ஏக்கத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்றால் எப்படி?

வேதகிரி பஞ்சாயத்து போர்டில் பில் கலெக்டர். வீட்டு வரி கேட்டு அவர் சைக்கிள் தெருவில் நுழைந்தால், நுழைகிற சத்தத்திலேயே கதவுகள் சாத்திக்கொள்ளும். பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவரைக் கண்டால் பறவைகளும் பறந்துதான் போயின. ஆனால், 'அவரு வூட்ல இல்லீங்க' என்று பொய் சொல்லவில்லை.

மெட்ராசுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர் மூர்மார்க்கெட்டில் ஒரு இங்கிலீஷ் பறவைப் புத்தகமும், பட்டாளத்தில் கழித்துப் போட்ட தூரக்கண்ணாடியும் வாங்கி வந்தார். கண்ணாடியில் ஒரு பக்கம் புகை மண்டியிருந்தது. புத்தகத்தில் முன்பாதியைக் காணோம். பெயர் தெரியாத பறவை எது வந்தாலும் அது கிழிந்த பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் ஊர்ப் பறவைகளில் பெரும்பாலானவை கிழிந்த பக்கத்துப் பறவைகளே. வேடந்தாங்கலுக்குப் போய்ப் பாரேன் என்றார்கள். தன் வீட்டு முருங்கை மரத்தையே இன்னும் படித்து முடிக்கவில்லை என்றார்.

"குருவி பாக்க கண்ணாடி வெச்சிக்கினு கீறாரு. ரவ அரிசி பானையயும் அதுல பாக்கச் சொல்லு," என்பாள் செங்கேணி, மகளிடம். அவரிடம் சொல்வதையெல்லாம் மகளிடம்தான் சொல்வாள்.

மகள் சுலோச்சனா பெருநகரில் வாழ்க்கைப்பட்டவள். அம்மாவுக்கு ஜுரம் என்றதும் வந்திருந்தாள். கம்பவுண்டர் மிக்ஸ்சர் கொடுத்து, இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அது இறங்கவும் செய்தது. அந்தத் தைரியத்தில்தான் வேதகிரி கண்ணாடியோடு தோட்டத்தில் உட்கார்ந்தார். கிணற்றடி ஈரத்தில் பூச்சி பிடிக்க ஒரு பறவை வந்தது. வெள்ளை வெளேர் என்று உடம்பு, கறுப்புத் தலை, உடம்பைப்போல் இரண்டு பங்கு நீளத்துக்கு ரிப்பன் மாதிரி வால். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அது போகவே இல்லை. அவ்வளவு நேரம் எந்தப் பறவையும் அவரைப் பொறுத்துக்கொண்டதில்லை.

அது போனதும் உள்ளே ஓடினார். "செங்கேணி, வாலு கீது பாரு, இம்மாம் நீட்டு! நாடா கணக்கா! பாத்திருந்தீன்னா நீயே..." என்று கையை விரித்துக் காட்டி, சொல்லி முடித்தும் விட்டார். சுலோச்சனா அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அவர் வாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார்.

அதற்கப்புறம்தான் செங்கேணியின் கால்களைப் பார்த்தார். பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தன.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அடுப்பங்கரை வாசலில் நின்று ஜெயம்மாளைக் கேட்டார். "அக்கா, கடைசீல அவ எதுனா கேட்டாளா? என்னிய கூப்ட்டாளா?"

"மவராசி, பூவும் பொட்டுமா போய்ட்டா. எத்தினி பேருக்குக் கெடைக்கும்?"

"அத்த கேக்கல. கூப்ட்டாளான்னு..."

"காபி ஆறுது, குடி," என்று டம்ளரைக் கையில் திணித்துவிட்டு ஜெயம்மாள் அடுப்பை ஊதினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பு அது.

இதே கேள்வியை நேற்றே சுலோச்சனாவிடமும் கேட்டிருந்தார். "தூங்கிக்கினே போய்ட்ச்சி நைனா," என்று அவள் முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். கதவிடுக்கில் நின்று 'அவரு வூட்ல இல்லீங்க' என்பவர்களின் குரலை வேதகிரிக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் அதைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

வெளியே முத்துவேல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "காரியத்துக்குள்ள தெரிஞ்சாகணும். காக்கா தொடாம நான் வுட மாட்டேன்."

வேதகிரி தோட்டத்துக்குப் போனார். சுலோச்சனா சாவு வீட்டுப் பாத்திரங்களைக் கிணற்றடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"காக்கா எடுக்கலம்மா."

"மாமா சொல்லிச்சி."

"தூங்கிக்கினே போனவளுக்கு எடுக்காம இன்னா?"

அவள் அண்டாவைத் திருப்பிப்போட்டாள்.

"சுலோச்சனா. உன் புருசன் வூட்டுக்குப் போய்டுவ. அப்புறம் இந்த வூட்ல எனக்கு யாரு கீறா கேக்க? கூப்ட்டாளா இல்லியா? ஒண்ணு சொல்லிட்டுப் போ."

தேய்க்கிற சத்தம் நின்றது. புளிக் கையை அண்டா விளிம்பில் வழித்தாள். பிறகு, வரி பாக்கியைக் கட்டித் தொலைக்கிறவர்களைப்போல வேகமாகச் சொன்னாள்.

"கூப்ட்டுச்சி. திடீர்னு மூச்சு இழுத்துக்கிச்சி. நைனாவ இட்டுக்கினு வான்னுச்சி. நான் கதவாண்ட வந்து 'நைனா'ன்னேன். நீ திரும்பல. பின்னால கைய மட்டும் நீட்டி, சும்மா கெடன்னு காட்டின."

"கிட்ட வந்து தோள தொட்டிருக்கலாமே..."

"போன மாசம் சோறு துன்ன கூப்புட வந்துச்சே அம்மா. அதும் தோளத்தான் தொட்டுச்சி. குருவி பறந்துட்ச்சின்னு எத்தினி நாளு பேசாம இருந்த? அந்த பயம் எனக்கு. உள்ள போயி, வராரும்மான்னேன். 'வர மாட்டாரு, வுடு'ன்னுச்சி. அவ்ளோதான். வேற எதும் கேக்கல."

அவள் மறுபடி அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினாள்.

வேதகிரியின் வலக்கை தொடைமேல் விரல் விரிந்து கிடந்தது. அதை எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.