நஞ்சில்லா வீடு

முதல் பீப்பாய் கவிழ்ந்தபோது துஷ்யந்தியின் வெள்ளைச் சேலை முழங்கால்வரை நனைந்தது. கோமூத்திரத்தில் வாரக்கணக்காக ஊறிய வேப்பிலைக் கரைசல் கத்தரிப் பாத்தியில் பரவிச் சமையலறை வாசல்வரை ஓடியது. இரண்டாவது பீப்பாய் பாரம். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அதுவும் சரிந்தது.

முன்மண்டபத்தில் பிரேதப் பெட்டியைச் சுற்றி இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டிக்குள் அவளுடைய அக்கா இரஞ்சிதம் கூறைச் சேலையோடு கிடந்தாள். மத்தியானத்துக்கு மேல் மஹய்யாவ மயானத்துக்கு எடுப்பதாக இருந்தது.

"துஷி, விடும்." பின்வாசலில் அத்தான் பாலேந்திரன் நின்றார். வேட்டியும் சால்வையும். சவரம் செய்யாத முகம். "அதுக்குள்ள நுளம்பு பெருகாது. கோமூத்திரம் கலந்தது. மேல வலையும் கட்டித்தான் இருந்தது."

துஷ்யந்தி திரும்பினாள்.

"அக்கா உள்ள பெட்டியில கிடக்கிறா. நீங்கள் இன்னும் எனக்கு நுளம்புப் பாடம் எடுக்கிறீங்கள், என்ன?"

அவர் இறங்கிவந்து, கீழே கிடந்த வலையை எடுத்து மடித்தார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அவர் திருப்பிச் சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கச்சேரியில், அரசாங்க அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் பாலேந்திரன் குண்டசாலை வீட்டுப் பின்வளவைக் கொத்தித் தோட்டமாக்கினார். இரசாயனம் ஒரு துளியும் உள்ளே வரக்கூடாது என்றார். வெள்ளைப்பூடும் கொச்சிக்காயும் இடித்துப் பிழிந்த சாறு, சவர்க்காரத் தண்ணீர், வேப்பெண்ணெய், எறும்புக்குச் சாம்பல், அலுமாரிக்குள் கரப்பானுக்குக் கராம்பு. ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்து 'நஞ்சில்லா வீடு' என்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினார். முன்னால் நின்று பேசுவது அவர். இடிப்பதும் பிழிவதும் வடிப்பதும் அக்கா. கொச்சிக்காய் இடித்த அன்றைக்கு அவள் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவாள், விரல் அவ்வளவு எரியும். வீடியோவில் அவளுடைய கைகள் மட்டும் வரும்.

அவை பலித்தன. அதையும் துஷ்யந்தி மறுக்கமாட்டாள். கட்டுகஸ்தோட்டையில் அவளுடைய வீட்டுச் செம்பரத்தையை மூடிக் கிடந்த வெள்ளைப் பூச்சி, அக்கா போத்தலில் அடைத்துத் தந்த சவர்க்காரத் தண்ணீரில்தான் ஒழிந்தது. பலித்ததால் ஆட்கள் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் இருமலுக்குக் கேட்டார்கள், சீனி வருத்தத்துக்குக் கேட்டார்கள். பூச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்ல மனிசருக்கும் சொல்லத் தொடங்கினார்.

மழை தொடங்கி, ஒழுங்கை முழுக்க டெங்கு என்று நுளம்புக்குப் புகையடிக்க வந்தவர்களை அவர் படலையிலேயே திருப்பி அனுப்பினார். தேனீ செத்துப்போகுமாம். அடுத்த கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். துஷ்யந்தி ஒவ்வொரு நாளும் போனில் கத்தினாள். "அக்கா, ஒரு இரத்தப் பரிசோதனையாவது செய்யுங்கோ." அக்கா ஒவ்வொரு முறையும், "அத்தான் பப்பாசி இலைச் சாறு தாறார். பாப்பம்" என்றாள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றைக்கே அவர் ஒரு வீடியோ போட்டார். முதல் தடவையாக அக்காவின் முகம். கையில் பச்சைச் சாறு. "எனக்கு இப்ப சுகம்" என்று சிரிக்கிறாள். பின்னேரம் வயிற்றுநோ தொடங்கியது, கைகால் குளிர்ந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து, இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். அடுத்த விடியலில் அக்கா இல்லை.

வீடியோ இன்னும் இருந்தது. அதன் கீழே ஆட்கள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அதை அழியுங்கோ," என்றாள் துஷ்யந்தி.

"எதை?"

"தெரியாத மாதிரி நிக்காதேங்கோ. அந்த வீடியோவை."

பாலேந்திரன் கவிழ்ந்த பீப்பாயைப் பார்த்தார். "ஏலாது."

"ஏன் ஏலாது? மானம் போயிடுமோ?"

"அதிலதான் அவள் சிரிச்சுக்கொண்டு இருக்கிறாள்," என்றார். "வேற ஒண்டிலயும் இல்லை. நான் ஒருநாளும் அவளை முன்னுக்கு நிப்பாட்டினதில்லை."

துஷ்யந்தி ஒரு அடி முன்னே வைத்தாள். ஓங்கி அறையத்தான் மனம் சொன்னது. அப்போது முன்பக்கத்தில் ஏதோ சலசலப்பு. யாரோ அத்தானைக் கூப்பிட்டார்கள். இருவரும் முன்னுக்குப் போனார்கள்.

வாசல் கதிரைகளுக்கு நடுவே ஒரு முஸ்லிம் பெண் நின்றாள். கையில் வெறும் ஷொப்பிங் பை. ஒழுங்கையில் சாவுக்குக் கட்டிய வெள்ளைக்கொடியைக் கண்டும், செத்தது வேறு யாரோ வயசாளி என்று நினைத்திருக்க வேண்டும். அவளுடைய பார்வை மண்டபத்துக்குள் போய்ப் பெட்டியில் நின்றது.

"நீங்க தானே வீடியோ போடுற சேர்?" என்றாள் பாலேந்திரனிடம், சத்தம் இல்லாமல். "நான் ஹபீலா. மகளுக்குக் காய்ச்சல் சேர். ஜஹானா. உங்கட வீடியோவப் பாத்துத்தான் பப்பாசி எல புழிஞ்சு குடுத்த. எங்கட பக்கத்து மரத்துல எல முடிஞ்சு. இங்க மரம் ஈக்கிதுன்னு..." அவள் மறுபடி பெட்டியைப் பார்த்தாள். "சேர், இது அந்த மேடமா?"

தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

பாலேந்திரன் படியிறங்கிப் பக்கவளவுப் பப்பாசி மரத்தடிக்குப் போனார். துஷ்யந்தியும் பின்னாலேயே இறங்கினாள். இலை பறிக்கப் போகிறார். பெண்சாதியின் பிரேதத்தை வைத்துக்கொண்டு இந்த மனுசன் இலை பறித்துக் கொடுக்கப் போகிறார். கீழே கிடந்த மண்வெட்டிப் பிடியை அவள் எடுத்தேவிட்டாள்.

அவர் மரத்தைத் தொடவில்லை. அதன் அடியில் நின்றபடி கேட்டார்.

"காய்ச்சல் விட்டிட்டுதோ?"

"ஓ சேர். இன்டைக்குக் காலையில விட்டுட்டு. வெளிய ஆட்டோல படுத்திருக்கு. கொஞ்சம் சோர்வு மட்டும் தான். இன்னும் ரெண்டு நாளைக்குக் குடுத்தாச் சரின்னு..."

"வயித்துக்க நோகுதெண்டு சொன்னவவோ?"

ஹபீலா சற்று யோசித்தாள். "காலையில சொன்ன. சாறு கசப்புக்குன்னு நெனச்ச."

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

"காய்ச்சல் விட்டுட்டே சேர்."

பாலேந்திரன் கையை நீட்டி வீட்டுக்குள் காட்டினார். "இவவுக்கும் விட்டதம்மா," என்றார்.

ஹபீலா நின்ற இடத்திலேயே நின்றாள். "மகள்ட வாப்பா வேலைக்குப் போன. கேக்காம எப்பிடி..." என்று என்னவோ முணுமுணுத்தாள். துஷ்யந்தி மண்வெட்டிப் பிடியை எறிந்துவிட்டு வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்தாள்.

"நானும் வாறன். ஏறுங்கோ ஆட்டோவில."

"துஷி, இப்ப கிரியை தொடங்கப் போகுது," என்று பின்னாலிருந்து ஒரு மாமி கூப்பிட்டாள். "கூடப்பிறந்தவள் நீ போனா எப்பிடி?"

துஷ்யந்தி பெட்டிக்குப் போனாள். அக்காவின் விரல்களைத் தொட்டாள். ஒருமுறை கூட அந்த மனுசனுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாத அக்கா. அவள்மேலும் கோபம் வந்தது. தொட்ட கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படலையில் பாலேந்திரன் தன் போனை நீட்டினார். "எனக்குக் கை வராது. நீரே அதை அழிச்சுவிடும்."

ஆட்டோவில் ஜஹானா தாயின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற வயசு. உதடு வெளிறியிருந்தது. துஷ்யந்தி அவளுடைய பாதத்தைத் தொட்டாள். குளிர்ந்துகொண்டிருந்தது. "கெதியாப் போங்கோ," என்று சாரதியை அதட்டினாள்.

வழியில் போனைத் திறந்தாள். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்தாள். அக்கா சிரித்தாள். வாய் அசைந்தது. துஷ்யந்தி அழித்தாள். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. ஓம் என்று அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு வந்ததும் ஜஹானாவை அவசர அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். சேலைன் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று தாதி சிங்களத்தில் சொன்னாள். ஹபீலா சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். துஷ்யந்தி அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். அழுகை வரவில்லை. அக்காவையும் இதே கதவால்தான் கொண்டுபோனார்கள். யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. நடைபாதையில் போன ஒருவரும் அதற்குத் தோதாக இல்லை.

அவள் குண்டசாலைக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. பிரேதம் எடுத்து, வீடு கழுவி முடிந்திருந்தது. வாடகைக் கதிரைகளை ஒருவன் அடுக்கிக்கொண்டிருந்தான். மயானத்தில் கொள்ளி வைத்துவிட்டு வந்த பாலேந்திரன் தோய்ந்த தலையோடு விறாந்தையில் தனியாக இருந்தார்.

"பிள்ளைக்கு எப்பிடி?"

"சேலைன் ஏறுது. தப்பிடுமாம்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இதால ஒண்டும் சரிவராது, அத்தான்," என்றாள் துஷ்யந்தி. "உங்களை நான் மன்னிக்கமாட்டன்."

"ஓம்," என்றார் அவர்.

அடுக்கிக்கொண்டிருந்தவனிடமிருந்து ஒரு கதிரையை அவள் வாங்கினாள். விறாந்தையின் மறு கரையில் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் வான் வண்டியில் கடைசியாக ஒரு இடம் இருப்பதாக உறவுக்காரர்கள் படலையில் நின்று கூப்பிட்டார்கள். அவள் எழும்பவில்லை. வண்டி கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனது.