திருத்தாமல் விட்ட டிராம்

1.
இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. 1950, பிரிஸ்டல். "ஹெஸ்டர் டிராமில் ஏறினாள், மடியில் தகரப் பெட்டி" என்று எழுதிவிட்டேன். அந்த ஊரில் குண்டு விழுந்து டிராம் நின்றுபோய் அப்போது ஒன்பது வருடம். அங்கே இருபது வருடம் குப்பை கொட்டிய எனக்கு இதுகூடத் தெரியாதா?

2.
திருத்தினேன். ஹெஸ்டர் பேருந்தில் ஏறினாள். உட்கார்ந்தாள். அவ்வளவுதான். வாக்கியம் வழுவழுவென்று இருந்தது, அடுத்தது எதுவும் அதில் ஒட்டவில்லை.

சரி, டிராமே ஓடட்டும். நடத்துநர் குனிந்தார்.

"என்ன கண்ணு, இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருக்க? முட்டையா?"

"ரேஷன்ல முட்டை கிடைச்சா நான் ஏன் இந்நேரம் வேலைக்குப் போறேன்?"

3.
பெட்டியில் இருந்தது ஒரு கண்ணாடித் தகடு, அதில் ஒட்டிய ஒரு படிகம். ஹெஸ்டர் ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்ப்பவள். அங்கே தலைவர் டிரான்டர். குறையில்லாத படிகத்தை வைத்துக்கொள், பிசகானதைக் கழுவிக் கொட்டு என்பது அவர் கட்டளை. இரண்டு வருடம் கொட்டினாள். குறையில்லாததோ, மறுபடி கரைசலில் வைத்தால் வளர மறுத்தது. [இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். அழுகிற ஆள் இல்லை அவள்.]

நேற்று மனசு கேட்காமல் ஒரு கழிசலை நுண்ணோக்கியில் பார்த்தாள். நடுவில் அடுக்கு திருகி நின்றது. அந்தத் திருகிலிருந்து, சுழல் மாடிப்படிபோல், ஒரு படி சுற்றிச் சுற்றி வெளியே போனது. வழுவழுப்பான முகத்தில் புதிய துகள் ஒண்டிக்கொள்ள விளிம்பு கிடையாது. இதிலோ விளிம்பு தீரவே தீராது. வளர்வதே பிசகானதுதான்! யாராவது கழுவிவிடுவார்களோ என்று பயந்து வீட்டுக்கு எடுத்துப் போனவள், இப்போது திரும்பக் கொண்டுவருகிறாள்.

பதினோரு மணிக்கு மானியக் குழு வருகிறது. குறையற்ற படிகமே வளரும் என்று டிரான்டர் அறிக்கை வாசிக்கப்போகிறார். மானியம் போனால் இருவருக்கும் வேலை இல்லை.

4.
முடிவு அ: அவள் வாயைத் திறக்கவில்லை. (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: டிரான்டர் கத்துகிறார், அவள் வேலை போ— வேண்டாம். தன் ரேஷன் சர்க்கரையை அவள் தேநீரில் போடுகிற மனிதர். அவரைக் கெட்டவராக்க எனக்குக் கை வரவில்லை.

5.
பத்தரை மணி.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க. நீங்க கொட்டச் சொன்ன ரகம்."

குனிந்தார். நுண்ணோக்கியில் அந்தத் திருகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஹெஸ்டர்... இந்த மாதிரி எத்தன கொட்டிருப்போம்?"

"நூத்துக்கணக்குல, சார்."

கண்ணை எடுக்காமலே அவர் கை மேசைமேல் அறிக்கையைத் தேடுகிறது. வாசிக்கவா, கிழிக்கவா? எனக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும், நீங்கள் போய் நில்லுங்கள். உங்கள் மனம்போல் முடியுங்கள். டிராமை மட்டும் திருத்திவிடாதீர்கள். அவள் அதில்தான் வந்தாள்.